மாஸ்டர் பதில்கள்: பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவர்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு வாசகர், "நன்றாக ஆடத் தெரிந்தவர்தான் நல்ல கோச் ஆக முடியுமா?" என்று கேட்டிருந்தார். "அப்படியெல்லாம் இல்லை, ஸ்டீவ் கெரைப் பாருங்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த தபாலைப் பார்த்து ஆசிரியரே போன் செய்தார். ஆகவே இந்த முறை முழுக்க அவர்தான். கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன.

*யார் சார் இந்த ஸ்டீவ் கெர்? ஜோர்டான் தெரியும், கோபி தெரியும், கரி தெரியும். இவர் ஆடி நான் பார்த்ததே இல்லையே!*
*(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)*

தம்பி, அவர் ஆடிய காலத்திலும் பல பேர் அவரைப் பார்த்ததில்லை. என்.பி.ஏ.வில், அதாவது அமெரிக்கத் தொழில்முறை பாஸ்கெட்பால் லீகில், 15 சீசன், 910 ஆட்டம். அதில் முதல் ஐந்து பேரில் ஒருவராகக் கோர்ட்டில் இறங்கியது 30 ஆட்டத்தில்தான். மற்றதெல்லாம் சப்ஸ்டிட்யூட். ஆட்டத்துக்குச் சராசரி 6 புள்ளி. உயரம் ஆறடி மூன்று அங்குலம். நம் ஊரில் பஸ்ஸில் குனிந்து நிற்க வேண்டிய உயரம், அங்கே சுண்டைக்காய். குதிக்க மாட்டார், ஓட்டமும் சுமார்தான்.

ஒன்றே ஒன்று இருந்தது: கை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியேயிருந்து எறிந்ததில் 45.4 சதவீதம் உள்ளே போனது. மொத்த ஆட்ட வாழ்க்கையையும் கணக்கில் எடுத்தால் அதுதான் என்.பி.ஏ.வில் முதலிடம். கரிகூட அந்தச் சதவீதத்தைத் தொடவில்லை (கரி எறிந்த எண்ணிக்கை பல மடங்கு, எறிந்த விதமும் வேறு. அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்).

ஆட்டக்காரராக 5 சாம்பியன் பட்டம்: சிகாகோ புல்ஸ் அணியில் 1996, 97, 98, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் 1999, 2003. அப்புறம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கோச்சாக 2015, 2017, 2018, 2022. பட்டத்துக்கு ஒரு மோதிரம் தருவார்கள், இவருக்குப் போட விரல் ஒன்றுதான் பாக்கி.

*என் மகன் பத்தாம் வகுப்பு. பள்ளி பாஸ்கெட்பால் டீமில் இரண்டு வருடமாக இருக்கிறான். ஒவ்வொரு மேட்சுக்கும் டிரெஸ் துவைத்துக் கொடுத்து அனுப்புகிறேன், அது அழுக்கே ஆகாமல் திரும்பி வருகிறது. நிறுத்திவிட்டு டியூஷன் அனுப்பலாமா?*
*(ஒரு தாய், பாளையங்கோட்டை)*

அம்மா, "அழுக்கே ஆகாமல் திரும்பி வருகிறது" என்ற வரியைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கல்லூரியில் மூன்று வருடம் நானும் வெள்ளை பனியனோடு போய் வெள்ளை பனியனோடு திரும்பியவன். மற்றவன் வேர்வையைத் துடைக்கத் துண்டு நீட்டியதுதான் என் சாதனை.

உங்கள் பையனுக்காகக் கெர் கதையின் ஆரம்பத்தைச் சொல்கிறேன். 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் பள்ளிப் படிப்பை முடித்தபோது அவரை எந்தப் பெரிய கல்லூரியும் கூப்பிடவில்லை. கொன்சாகா என்ற சின்னக் கல்லூரி ஒன்று வரச்சொல்லி ஆடவிட்டுப் பார்த்தது. எதிரே நின்றவர் அந்தக் கல்லூரியின் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்), ஜான் ஸ்டாக்டன். பிற்காலத்தில் என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதிக அசிஸ்ட் (கூடையில் முடிகிற பாஸ்) கொடுத்தவர் என்று பெயர் வாங்கப் போகிறவர். அவர் அன்று கெரைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார். "பையன் ஒரு அடி மெதுவு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த ஸ்டாக்டன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

கடைசியில் அரிசோனா பல்கலைக்கழகம் எடுத்தது. முந்தைய வருடம் 4 ஆட்டம் ஜெயித்து 24 தோற்றிருந்த டீம் அது. புதிதாக வந்த கோச் லூட் ஓல்சன், மனைவியையும் கூட்டிக்கொண்டு பையன் ஆடுவதைப் பார்க்கப் போனாராம். அந்த அம்மாள் பார்த்துவிட்டு, "விளையாடுகிறீர்களா, இவனையா எடுக்கப்போகிறீர்கள்?" என்றாராம். இதைக் கெரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஆக, நிறுத்த வேண்டாம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் "எத்தனை பாயின்ட் போட்டாய்?" என்று கேட்காதீர்கள். "இன்று எதிர் டீம் எப்படி ஆடியது?" என்று கேளுங்கள். அவன் விவரமாகச் சொன்னால் பெஞ்சில் சும்மா உட்காரவில்லை என்று அர்த்தம். "தெரியாது" என்றால் டியூஷனுக்கு அனுப்பலாம்.

*கெருடைய தந்தை சுட்டுக்கொல்லப்பட்டார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?*
*(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்)*

உண்மைதான் ஐயா. கெர் பிறந்ததே பெய்ரூட்டில், 1965இல். தாத்தா ஸ்டான்லி கெர், முதல் உலகப் போருக்குப் பிறகு ஆர்மீனிய அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றும் நிவாரண வேலைக்காக அந்தப் பக்கம் போய், அங்கேயே தங்கி ஆசிரியர் ஆனவர். தந்தை மால்கம் கெர் அரபு நாடுகளின் அரசியலைப் படித்த பேராசிரியர். பையனின் சிறு வயது லாஸ் ஏஞ்சலஸ், கெய்ரோ, பெய்ரூட் என்று மாறி மாறிக் கழிந்தது.

1982இல் மால்கம் கெர் பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவராகப் போனார். லெபனானில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். அடுத்த ஆண்டு கோடை விடுமுறைக்குப் பெற்றோரிடம் போன ஸ்டீவ், கல்லூரியில் சேரத் திரும்பக் கிளம்பும்போது விமான நிலையத்தில் குண்டு விழுந்தது. காரில் மலை தாண்டி, சிரியா வழியாக ஜோர்டான் போய்த்தான் விமானம் ஏற முடிந்தது.

1984 ஜனவரி 18. பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள்ளேயே, தன் அலுவலக அறைக்கு வெளியே, மால்கம் கெர் சுட்டுக்கொல்லப்பட்டார். அரிசோனாவில் நடு இரவு தாண்டிய நேரத்தில் விடுதியில் போன் அடித்தது. ஸ்டீவுக்கு 18 வயது.

இரண்டு நாள் கழித்து அரிசோனா ஸ்டேட் அணியோடு ஆட்டம். ஆடியே தீருவேன் என்று நின்றார். ஆரம்பத்தில் எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி. பையன் நின்ற இடத்திலேயே அழுதுகொண்டிருந்தான். பிறகு பெஞ்சிலிருந்து கோர்ட்டுக்குள் போய் எறிந்த முதல் பந்தே உள்ளே விழுந்தது. மொத்தம் 12 புள்ளி, அணியும் ஜெயித்தது.

இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான்கு வருடம் கழித்து 1988இல் அதே அரிசோனா ஸ்டேட் மைதானம். ஆட்டத்துக்கு முன்னால் எறிந்து பழகிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, அந்த ஊர் ரசிகர்களில் ஒரு சின்னக் கும்பல் அவர் அப்பாவின் சாவைச் சொல்லிக் கோஷம் போட்டது. கெர் பந்தைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உடம்பு நடுங்கியது என்று பின்னால் சொல்லியிருக்கிறார். அப்புறம் எழுந்து போய் முதல் பாதியில் மூன்று புள்ளிக்கு ஆறு முறை எறிந்தார், ஆறும் உள்ளே.

*மைக்கேல் ஜோர்டான் இவரை முகத்தில் குத்தினாராமே! சும்மா வதந்தியா?*
*(ஆட்டோ ஓட்டுநர், சேலம்)*

வதந்தி இல்லை, இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதுதான். 1995 இலையுதிர் காலம், புல்ஸ் பயிற்சி முகாம். அதற்கு முந்தைய மார்ச்சில்தான் ஜோர்டான் பேஸ்பாலை விட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்தார். வந்த வேகத்தில் பிளே-ஆஃபில் ஆர்லாண்டோவிடம் தோல்வி. அந்த எரிச்சலை முகாமில் எல்லோர் மேலும் இறக்கிக்கொண்டிருந்தார். கோச் ஃபில் ஜாக்சன் போன் பேச வெளியே போயிருந்த நேரம். ஜோர்டான் கையைப் போட்டு ஃபவுல் செய்துகொண்டே வாயும் விட, கெர் திருப்பிப் பேசினார். முழங்கை நெஞ்சில் விழுந்தது. இவர் தள்ளினார். அவர் குத்தினார். கண் கறுத்துவிட்டது.

ஜாக்சன் வந்து ஜோர்டானை வெளியே அனுப்பினார். அன்றே ஜோர்டான் போனில் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு ஜோர்டான் தன்னை நம்ப ஆரம்பித்தார் என்று கெர் சொல்வார். அந்த சீசனில் புல்ஸ் 72 ஜெயித்து 10தான் தோற்றது.

ஆனால் இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, அடிதடிதான் ஒற்றுமை வளர்க்கும்" என்று யாராவது எழுதினால் அந்தக் கடிதத்தைப் போட மாட்டேன். 24 வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தேன். பையன்களுக்குள் நடந்த குத்துச்சண்டை எத்தனையோ விலக்கியிருக்கிறேன், ஒன்றிலிருந்தும் சாம்பியன் வரவில்லை. பல் உடைந்து அப்பாக்கள்தான் வந்தார்கள்.

*1997 ஃபைனல்ஸில் ஜோர்டான் இருக்கும்போது கடைசிப் பந்து எப்படி இவர் கைக்குப் போனது? கோச் போட்ட திட்டமா?*
*(மாநகராட்சிப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை, கோவை)*

வாருங்கள் டீச்சர், நம் தொழில்காரர் கேள்வி. இதற்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

1997 ஜூன் 13, சிகாகோ. ஆறாவது ஆட்டம். யூட்டா ஜாஸோடு 86-86. நான்கு ஆட்டம் ஜெயித்தால் பட்டம் என்ற தொடரில் புல்ஸ் 3-2 என்று முன்னால். அரை நிமிடத்துக்கும் குறைவு, டைம்-அவுட். பந்து ஜோர்டானுக்குத்தான் என்பது அரங்கத்தில் பாப்கார்ன் விற்றவருக்கும் தெரியும்.

முதலில் ஒரு பின்கதை. அதே தொடரின் நான்காவது ஆட்டத்தில் முக்கியமான நேரத்தில் கெர் ஒரு மூன்று புள்ளியைத் தவறவிட்டார், சிகாகோ தோற்றது. ரூமுக்குப் போய் மணிக்கணக்கில் தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தார் என்று ஜோர்டானே பிறகு சொன்னார். கெருக்கு அந்தச் சுபாவம் உண்டு. தவறிய பந்தை நினைத்து நினைத்து அடுத்த பந்தையும் கெடுத்துக்கொள்வார். 1988 கல்லூரி அரையிறுதியில் ஓக்லஹோமாவோடு 13 எறிந்து 2தான் போனது. அது பல வருடம் உறுத்தியது. இதற்காகவே ஷூவில் இரண்டு எழுத்து எழுதி வைத்திருந்தார். அந்த எழுத்துகளின் விரிவு குடும்பப் பத்திரிகையில் வராது. "போனால் போகட்டும், எறி" என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சரி, டைம்-அவுட்டுக்கு வருவோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜோர்டான் கெர் பக்கம் திரும்பி, ஸ்டாக்டன் உன்னை விட்டுவிட்டு என்னிடம் வருவான், தயாராக இரு என்கிறார். வந்தால் நான் தயார் என்கிறார் கெர். கேமராவில் பதிவான காட்சி இது, தேடினால் கிடைக்கும். கெர் முகத்தை மட்டும் பாருங்கள். தண்ணீர் குடித்துக்கொண்டே வேக வேகமாகத் தலையாட்டுவார்.

ஆம் டீச்சர், அதே ஸ்டாக்டன். பதினான்கு வருடத்துக்கு முன்னால் கொன்சாகாவில் பையனைச் சுற்ற விட்டவர். ஜோர்டான் இடது பக்கமாகப் போனார், ஸ்டாக்டன் கெரை விட்டுவிட்டு டபுள் டீம் போட (இரண்டாவது ஆளாகச் சேர்ந்து மறிக்க) ஓடினார், பந்து கெரிடம் வந்தது. ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால். ஒரு துள்ளல், எறிதல். 5 வினாடி மிச்சம், 88-86. பிறகு ஒரு டங்க், 90-86, பட்டம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பந்தை ஜோர்டானிடம் கொடுப்பது கோச் போட்டது. அதற்கு மேல் நடந்தது, எதிரி என்ன செய்வான் என்று இரண்டு பேர் முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டது. உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எறிந்த கையைக் காட்டாதீர்கள். அந்தப் பெஞ்சுப் பேச்சைக் காட்டுங்கள்.

வெற்றி விழாவில் கெர் மேடை ஏறி வேறு ஒரு கதை விட்டார். கடைசி எறிதலை ஜோர்டானே எறியச்சொல்லி கோச் கேட்டதாகவும், எனக்கு இந்த மாதிரி நேரமெல்லாம் சரிப்படாது என்று ஜோர்டான் பின்வாங்கியதாகவும், பாவம் என்று தான் காப்பாற்றிவிட்டதாகவும். ஜோர்டான் அங்கேயே விழுந்து விழுந்து சிரித்தார்.

*நட்சத்திர ஆட்டக்காரர்கள் ஏன் நல்ல கோச் ஆவதில்லை?*
*(பொறியாளர், ஓசூர்)*

சிலர் ஆகியிருக்கிறார்கள். பாஸ்டனில் பில் ரஸ்ஸல் ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருந்து 1968, 1969 இரண்டு பட்டம் வாங்கினார். லென்னி வில்கன்ஸ் ஆட்டக்காரர், கோச் என்று இரண்டு வகையிலும் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் பெற்றவர். மறுபக்கம் மேஜிக் ஜான்சன் 1994இல் லேக்கர்ஸ் கோச்சாக இருந்தது 16 ஆட்டம். 5 வெற்றி, 11 தோல்வி, போதும் சாமி என்று இறங்கிவிட்டார்.

கை தானாகச் செய்ததை வாய் சொல்வது கஷ்டம். நன்றாகச் சமைக்கும் பாட்டியிடம் அளவு கேட்டால் "கண்ணளவு" என்பாரே, அந்த மாதிரி. இயல்பாக வராதவன்தான் அளந்து அளந்து கற்றிருப்பான், அவனிடம் அளவு இருக்கும். ஃபில் ஜாக்சன், பாட் ரைலி எல்லாம் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்தவர்கள்தான்.

*கோச் வேலையில் முன் அனுபவமே இல்லாதவரை வாரியர்ஸ் எப்படி எடுத்தது? அவர் என்னதான் மாற்றினார்?*
*(தனியார் நிறுவன மேலாளர், சென்னை)*

அனுபவம் இல்லை என்று சொல்ல முடியாது, சம்பளம் இல்லாத அனுபவம். கல்லூரியில் லூட் ஓல்சன், சிகாகோவில் ஃபில் ஜாக்சன், சான் அன்டோனியோவில் கிரெக் பாப்போவிச். மூன்று பேருக்கும் பக்கத்தில் பெஞ்சில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவர். ஆட்டத்தை விட்டபின் டி.வி. வர்ணனை. நடுவில் 2007 முதல் 2010 வரை ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர். அங்கே மலை மாதிரி உடம்புள்ள ஷக்கீல் ஓனீலைக் கொண்டுவந்தது சறுக்கல்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் லாரி டயரை மாட்டிய கதை. ஆனால் அங்கே கோச்சாக இருந்த மைக் டான்டோனியின் வேக ஆட்டத்தை உள்ளிருந்து பார்க்க முடிந்தது.

இப்படிப் பார்த்ததை எல்லாம், நான் கோச் ஆனால் இதைச் செய்வேன் என்று பல வருடம் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். 2014இல் நியூயார்க்கில் பழைய குரு ஜாக்சனே கூப்பிட்டும் போகாமல் வாரியர்ஸை எடுத்துக்கொண்டார்.

அவர் வருவதற்கு முந்தைய சீசன் வாரியர்ஸ் மோசமான அணி இல்லை, 51 ஆட்டம் ஜெயித்தது. ஆனால் லீகிலேயே பந்தைக் குறைவாகக் கைமாற்றிய அணி. ஒருவன் தட்டிக்கொண்டே நிற்பான், நான்கு பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நம் ஊர் சாயங்கால மைதானத்தில் தினமும் காண்கிற காட்சி! கெர் ஓர் ஆட்டத்துக்கு 300 பாஸ் என்று இலக்கு வைத்தார். ஜாக்சனின் முக்கோண ஆட்டத்திலிருந்து ஒரு துண்டு, ஸ்பர்ஸின் ஓயாத நகர்விலிருந்து ஒரு துண்டு, ஃபீனிக்ஸின் வேகம் ஒரு கரண்டி. தனக்குத் தெரியாததற்கு ஆள் வைத்துக்கொண்டார்: டிஃபென்ஸுக்கு ரான் ஆடம்ஸ், ஆஃபென்ஸுக்கு ஆல்வின் ஜென்ட்ரி, இரண்டு பேரும் இவரைவிடப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

சீசனுக்கு முன்னால் சியாட்டில் போய், அமெரிக்கன் ஃபுட்பால் கோச் பீட் கேரல் அணியை எப்படி நடத்துகிறார் என்று பார்த்தார். உன் அணியை எப்படி நடத்தப்போகிறாய் என்று கேரல் கேட்டதற்கு, எந்த ஆட்ட முறையை எடுப்பது என்பது பற்றியா கேட்கிறீர்கள் என்றாராம் இவர். அதெல்லாம் இல்லை, ஒவ்வொரு நாளும் உன் பயிற்சிக் கூடம் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி என்றார் கேரல். உட்கார்ந்து யோசித்து நான்கு எழுதினார்: மகிழ்ச்சி, மனம் அந்த நேரத்திலேயே இருப்பது, பரிவு, போட்டி. மகிழ்ச்சியை முதலில் போட்ட கோச்சை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பயிற்சியில் பாட்டு ஓடும்.

கஷ்டமான வேலை ஆண்ட்ரே இக்வோடாலா. அதுவரை ஆடிய 758 ஆட்டத்திலும் முதல் ஐவரில் இறங்கியவர். அவரைப் பெஞ்சில் உட்காரச் சொல்ல வேண்டும். "பெஞ்சில் உட்காருவது எப்படி இருக்கும் தெரியுமா?" என்று அவர் இவரிடம் கேட்டிருக்க முடியாது, பாருங்கள்! உட்கார்ந்தார். சீசனில் 67 வெற்றி, 15 தோல்வி.

கிளீவ்லாண்டோடு ஃபைனல்ஸில் 1-2 என்று பின்தங்கியபோது, நிக் யூரென் என்ற இளம் உதவியாளர், வயது 28, இரவெல்லாம் பழைய வீடியோ பார்த்துவிட்டு, உயரமான போகட்டை உட்காரவைத்து இக்வோடாலாவை ஆரம்பத்திலேயே இறக்கலாம் என்று யோசனை சொன்னார். நேற்று வந்த பையன் சொல்கிறானே என்று தள்ளவில்லை, கெர் ஏற்றுக்கொண்டார். அணியில் மாற்றம் உண்டா என்று ஆட்டத்துக்கு முன்னால் கேட்ட நிருபர்களிடம் கூசாமல் பொய் சொன்னார். ஜெயித்த பிறகு பொய்யை ஒப்புக்கொண்டு, யோசனை யாருடையது என்று பையன் பெயரையும் சொன்னார். 4-2. வாரியர்ஸுக்கு 40 வருடம் கழித்து ஒரு பட்டம். ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் இக்வோடாலா.

மேலாளர் சார், ஆபீசில் உங்களுக்கு யோசனை சொன்ன பையன் பெயரைக் கடைசியாக எப்போது மேலே சொன்னீர்கள்?

*கரி மாதிரி ஒருத்தன் இருந்தால் நானும்தான் கோச். இதில் என்ன பெருமை?*
*(பெயர் வேண்டாம், மதுரை)*

பாதி சரி. கரி கை உடைந்து 5 ஆட்டம்தான் ஆடிய 2019-20இல், இன்னொரு நட்சத்திரம் க்ளே தாம்சனும் முழங்கால் காயத்தோடு படுத்துவிட, வாரியர்ஸ் 15-50. லீகிலேயே கடைசி. கெர் கோர்ட் ஓரத்தில் அதே கெர்தான்.

மறுபாதி: அதே கரி, கெர் வருவதற்கு முன்னால் ஐந்து வருடம் ஆடினார், பட்டம் வரவில்லை. 15-50 ஆன அணியே இரண்டு வருடத்தில், 2022இல், பாஸ்டனைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியது. பெயர் வேண்டாம் என்று எழுதியதிலேயே உங்களுக்கும் முழுச் சந்தேகம் தீரவில்லை என்று தெரிகிறது.

*ஒரு மேட்சில் ஆட்டக்காரர்களையே கோச் செய்யச் சொல்லிவிட்டு இவர் சும்மா நின்றாராமே, அது எதிரணிக்கு அவமரியாதை இல்லையா?*
*(சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி)*

2018 பிப்ரவரி 12, எதிரே ஃபீனிக்ஸ். காலைப் பயிற்சியையே இக்வோடாலா நடத்தினார். இரவு டைம்-அவுட்டில் கிளிப்போர்டும் பேனாவும் ஒருமுறை அவரிடம், ஒருமுறை டிரேமண்ட் கிரீனிடம், ஒருமுறை டேவிட் வெஸ்டிடம். கெர் கும்பலுக்குப் பின்னால் நின்று தலையை நீட்டி எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு 129-83. ஃபீனிக்ஸ் தரப்பில் ஒருவர் நீங்கள் சொன்னதையே சொல்லிக் கோபப்பட்டார்.

கெர் சொன்ன காரணம்: இது அவர்களுடைய அணி. ஒரு மாதமாக என் குரல் அவர்கள் காதில் ஏறவில்லை, என் குரல் அவர்களுக்கு அலுத்துவிட்டது, எனக்கே அலுத்துவிட்டது. 24 வருடம் விசில் ஊதிய எனக்கு ஒரு நாளும் தோன்றாத வாக்கியம் அது. பையன்கள் கவனிக்கவில்லை என்றால் இன்னும் சத்தமாக ஊதுவேன், அவ்வளவுதான். உங்கள் கேள்விக்கு நேரான பதில்: 46 புள்ளியில் தோற்ற அணிக்கு வலித்திருக்கும், நியாயம்தான். இருந்தாலும் நான் கெர் பக்கம்.

அவரைச் சாது என்றும் நினைத்துவிட வேண்டாம். கோபம் வந்தால் அதே கிளிப்போர்டை உடைப்பார். பல முறை உடைத்திருக்கிறார்.

*எனக்கு முதுகு டிஸ்க் பிரச்சினை. கெருக்கும் அதே ஆபரேஷன் நடந்ததாமே, எப்படி இருக்கிறார்?*
*(நெசவாளர், ஈரோடு)*

2015 ஃபைனல்ஸ் முடிந்த கையோடு ஜூலையில் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டார். அதில் முதுகுத்தண்டுத் திரவம் கசிந்து, தாங்க முடியாத தலைவலி. புதிய சீசனில் 43 ஆட்டத்துக்கு வர முடியவில்லை. உதவியாளர் லூக் வால்டன் அதில் 39 ஜெயித்தார், முதல் 24ஐத் தொடர்ச்சியாக. லீக் விதிப்படி அத்தனையும் கெர் கணக்கில் ஏறியது. சிறந்த கோச் விருதையும் அவருக்கே கொடுத்தார்கள். அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது. அந்த சீசன் 73-9. ஃபைனல்ஸில் 3-1 முன்னிலையில் இருந்து தோற்றார்கள் என்பது வேறு சோகம். 72-10, 73-9 இரண்டிலும் இருந்த ஒரே மனிதர் இவர்.

2017 பிளே-ஆஃபில் வலி மறுபடி வந்து சில வாரம் விலக வேண்டியிருந்தது. முடிந்தவரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு உடற்பயிற்சி செய்யுங்கள் என்று அவர் எல்லோருக்கும் சொன்னார். அது அவர் அனுபவம். உங்கள் முதுகைப் பார்த்த டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், பத்திரிகை மாஸ்டர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

*விளையாட்டுக்காரர்கள் விளையாட்டோடு நிற்க வேண்டும். கெர் ஏன் அரசியல் பேசுகிறார்?*
*(வாசகர், காரைக்குடி)*

2022 மே 24, டல்லாஸில் பிளே-ஆஃப் ஆட்டம். அன்றுதான் டெக்சாஸின் யுவால்டி ஊரில் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் ஒருவன் சுட்டுக்கொன்றான். ஆட்டத்துக்கு முந்தைய பேட்டியில் வந்து உட்கார்ந்த கெர், இன்று பாஸ்கெட்பால் பேசப்போவதில்லை என்றார். துப்பாக்கி வாங்குபவர்களின் பின்னணியை விசாரிக்கும் மசோதாவை அமெரிக்க செனட் வாக்கெடுப்புக்கே எடுக்காமல் வைத்திருப்பதைச் சொல்லி, மேஜையை அடித்துக் கத்திவிட்டு, குரல் உடைந்து எழுந்து போனார். மூன்று நிமிடம் இருக்கும்.

அப்பாவைத் துப்பாக்கிக்குக் கொடுத்தவர் அவர். அந்த மேஜையில் என்ன பேச வேண்டும் என்று அவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

*2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் டேட்டமை உட்காரவைத்தது சரியா?*
*(பிளஸ் டூ மாணவர், தூத்துக்குடி)*

சுவாரசியமான கேள்வி. அங்கே அமெரிக்க அணிக்குக் கெர்தான் கோச். ஜேசன் டேட்டம் சில வாரம் முன்புதான் பாஸ்டனோடு சாம்பியன் ஆனவர். செர்பியாவோடு நடந்த முதல் ஆட்டத்திலும் அரையிறுதியிலும் ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. பெஞ்சைப் பற்றி எல்லாம் தெரிந்தவரே இப்படிச் செய்யலாமா என்று எனக்கும் தோன்றியது. முதல் தடவைக்குப் பிறகு, முட்டாள் போல உணர்கிறேன் என்று கெரே சொன்னார். 40 நிமிட ஆட்டம், 12 நட்சத்திரம், பந்து ஒன்று. அரையிறுதியில் 17 புள்ளி பின்தங்கி 95-91 என்று தப்பித்தார்கள். ஃபைனலில் பிரான்ஸை 98-87 வென்று தங்கம். அந்த நவம்பரில் வாரியர்ஸோடு பாஸ்டன் போனபோது அரங்கமே கெரைப் பார்த்து ஊளையிட்டது. வாங்கிக்கொண்டார்.

*மாஸ்டர், நீங்க காலேஜ்ல ஆடினப்போ மொத்தம் எத்தனை பாயின்ட் போட்டீங்க?*
*(எட்டாம் வகுப்பு மாணவி, கரூர்)*

ஒன்று, பாப்பா. மூன்றாம் வருடம், கடைசி மேட்ச், கடைசி இரண்டு நிமிடம். இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. முதலாவது ரிங்கில் இரண்டு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது. இரண்டாவது போர்டிலேயே படவில்லை.